துளையை அளந்துவிட்டு பட்டன் வாங்குங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் அக்கா மகன் பெரம்பூரிலிருந்து வந்தான். தோளில் தொங்கிய துணிப்பைக்குள் அவனுடைய ஆர்கேட் பெட்டி, அதாவது கணினியில் மாட்டி வீடியோ கேம் விளையாடும் பெட்டி, இருந்தது. பிளைவுட்டில் செய்தது. மேலே ஒரு ஜாய்ஸ்டிக், எட்டு பட்டன்கள், பின்னால் ஒரு யூஎஸ்பி ஒயர். தெரிந்தவர் ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கி இரண்டு வருடமாக விளையாடிக்கொண்டிருக்கிறான். "மாமா, ஒரு தடவை அமுக்கினால் இரண்டு தடவை அடிக்கிறது. குச்சியை மேலே தள்ளினால் சில நேரம் குதிக்கவே மாட்டேன் என்கிறது. இரண்டையும் மாற்றிவிடலாம் என்று பட்டன் வாங்கிவிட்டேன். ஆனால் போட முடியவில்லை" என்றான்.

வாங்கியிருந்த ஆறு பட்டன்களையும் மேசைமேல் வைத்தான். ஜப்பான் தயாரிப்பு, நல்ல பட்டன்கள். ஒன்றை எடுத்துத் துளையில் வைத்து அமுக்கிப் பார்த்தேன். விளிம்பில் தொட்டுக்கொண்டு நின்றதே தவிர உள்ளே இறங்கவில்லை. ஒன்றரை மில்லிமீட்டர் போதவில்லை.

இதில் அவன்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. பட்டன் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் எந்தக் கம்பெனி நல்லது என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் துளையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். துளையின் அகலம், பலகையின் கனம், நீங்கள் விளையாடும் ஆட்டம், உங்கள் கையின் பழக்கம், இவற்றைத் தெரிந்துகொண்ட பிறகுதான் கம்பெனியின் பெயருக்கு வேலை. இதைத்தான் அன்று அவனுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன். புதிதாக இந்த வேலையில் இறங்குகிற மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

அடிப்பலகையைக் கழற்றினால் பயப்பட ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு சுவிட்ச் இருக்கும். ஜாய்ஸ்டிக்கின் அடியில் நான்கு சுவிட்ச்கள் இருக்கும்: மேல், கீழ், இடது, வலது. குச்சியை மூலைவாட்டில் தள்ளினால் பக்கத்துப் பக்கத்து இரண்டு சுவிட்ச்கள் சேர்ந்து அமுங்கும். நான்கு சுவிட்ச் எட்டுத் திசை காட்டுவது இப்படித்தான். வீட்டு கேம் கன்ட்ரோலரில் கட்டைவிரலால் நகர்த்தும் சிறு குச்சிக்கு எவ்வளவு தூரம் தள்ளினோம் என்ற கணக்கு உண்டு. ஆர்கேட் குச்சிக்கு அது கிடையாது. அமுங்கியதா, இல்லையா என்பது மட்டும்தான். எல்லா ஒயர்களும் என்கோடர் என்கிற சின்ன போர்டுக்குப் போகின்றன. அந்த போர்டுதான் கணினியிடம் "இப்போது இந்த பட்டன் அமுங்கியிருக்கிறது" என்று சொல்கிறது.

ஆகவே ஒரு பட்டன் கெட்டால் பெட்டியையே தூக்கிப் போட வேண்டியதில்லை. அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். இந்தப் பெட்டிகளில் எனக்கு மிகவும் பிடித்த குணம் இதுதான். இன்று நாம் வாங்கும் சாமான்களில் திறந்து பார்க்க விடுகிற சாமான் மிகவும் குறைவு.

பெட்டி திறந்திருக்கும்போதே ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். குச்சியை மேல்பக்கம் தள்ளிக்கொண்டே அடியில் கவனியுங்கள். கீழ்ப்பக்கத்துச் சுவிட்ச்தான் அமுங்கும். குச்சி நடுவில் ஊன்றி நிற்பதால், பூங்காவில் சீசாவின் ஒரு முனை ஏறும்போது மறுமுனை இறங்குவதுபோல, மேலே ஒரு பக்கம் போனால் அடியில் எதிர்ப்பக்கம் போகிறது. இது தெரியாமல் ஒயர் தப்பாக இருக்கிறது என்று நினைத்து மாற்றிப் போட்டு, பிறகு ஆட்டத்தில் எல்லாம் தலைகீழாகப் போகிறதே என்று தவிப்பவர்கள் உண்டு.

துளையும் பலகையும்

ஜப்பான் முறைப் பெட்டிகளில் விளையாட்டு பட்டனுக்கான துளை 30 மில்லிமீட்டர். ஸ்டார்ட், செலக்ட் போன்ற துணை பட்டன்களுக்கு 24 மில்லிமீட்டர். அமெரிக்க முறையில் துளை ஒன்றே அரைக்கால் (1⅛) அங்குலம். அதாவது ஏறத்தாழ 28.6 மில்லிமீட்டர். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். என் அக்கா மகனுக்கு இடறியது இந்த இடம்தான். அவன் பெட்டி அமெரிக்க அளவு, வாங்கிய பட்டன் ஜப்பான் அளவு.

பள்ளிக்கூட அளவுகோலை வைத்து வட்டத் துளையை அளந்தால் ஒரு மில்லிமீட்டர் பிசகு வருவது சாதாரணம். அந்த ஒரு மில்லிமீட்டரில்தான் விஷயமே இருக்கிறது. வெர்னியர் காலிபர் ஒன்று கையில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் பழைய பட்டனைக் கழற்றி, துளைக்குள் போகும் அதன் உடல்பகுதியின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். மேலே தெரியும் விளிம்பை அளக்காதீர்கள். அது எப்போதும் துளையைவிட அகலம்.

புதிதாகப் பலகையில் துளை போடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தச்சரிடம் "பட்டன் போகிற அளவுக்கு ஒரு ஓட்டை" என்று வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். அலமாரிக் கதவுக்கு உள்கீல் பொருத்துவதற்காக 35 மில்லிமீட்டர் பிட் ஒன்று அவர் பையில் எப்போதும் இருக்கும். கைக்கு எளிதாக வருவது அதுதான். எனக்கு முதல் பெட்டி செய்து கொடுத்தவர் அதைத்தான் போட்டார். ஆறு துளைகளும் அழகாக, பிசிறில்லாமல் இருந்தன. பட்டனை வைத்தேன், விளிம்போடு உள்ளே விழுந்தது. பலகை வீண். அளவை மில்லிமீட்டரில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் பட்டன் ஒன்றையும் கையில் கொடுத்து, முதலில் ஒரு துண்டுப் பலகையில் துளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அகலத்துக்கு அடுத்து கனம். பட்டன் பலகையைப் பிடித்துக்கொள்ளும் விதம் இரண்டு. ஒன்றில் பக்கவாட்டில் இரண்டு பிளாஸ்டிக் காதுகள் இருக்கும். மேலிருந்து அமுக்கினால் சட்டென்று மாட்டிக்கொள்ளும். இது தகடு, அக்ரிலிக் போன்ற மெல்லிய பலகைக்கானது. சுமார் 2 முதல் 4 மில்லிமீட்டர் கனம் வரை இந்தக் காதுகள் சரியாகப் பிடிக்கும். இன்னொன்றில் உடலில் மரை இருக்கும். அடியிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் நட்டைத் திருகி இறுக்க வேண்டும். இது கொஞ்சம் கனமான பலகையையும் தாங்கும். அமெரிக்க முறை பட்டனின் உடல் நன்றாக நீண்டிருக்கும், முக்கால் அங்குலப் பலகையிலும் நிற்கும். அது மரப்பெட்டிக்கென்றே பிறந்தது.

நம் ஊரில் பெட்டி செய்கிறவர்கள் பெரும்பாலும் பிளைவுட்டில்தான் செய்கிறார்கள். 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் காது வைத்த பட்டனை அமுக்கினால் காதுகள் விரிய இடமே இருக்காது. நாலு அடி அடித்ததும் பட்டன் மேலே எழும்பி வரும். அட்டையைச் சொருகி இறுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பதில் மரை வைத்ததை வாங்குங்கள்.

விரலுக்குக் கீழே

அளவு முடிந்தது என்றால் இனி தொடு உணர்வு. இங்கே இரண்டு உலகங்கள் இருக்கின்றன.

ஜப்பான் பட்டன் தட்டையானது, லேசானது. விரலை வைத்து ஓய்வெடுக்கும் கனத்திலேயே சில நேரம் அமுங்கிவிடும். முழுவதும் கீழே போக வேண்டிய தூரமும் குறைவு. சன்வா, செய்மிட்சு என்ற இரண்டு ஜப்பானிய நிறுவனங்களின் பட்டன்கள் இதில் பெயர் பெற்றவை. சன்வாவின் ஓபிஎஸ்எஃப்-30 என்பது காது வைத்த 30 மில்லிமீட்டர் பட்டன். ஓபிஎஸ்என்-30 என்பது மரை வைத்தது. இந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவே ஓர் எழுத்துதான் வித்தியாசம். வாங்கும்போது அந்த எழுத்தைக் கவனியுங்கள். செய்மிட்சு பட்டன் சன்வாவைவிட ஒரு இழை கெட்டியாக இருக்கும் என்பது என் விரலின் அனுபவம். தெரியாமல் அமுக்கிவிடுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.

அமெரிக்க முறை பட்டன் ஆழமாக இறங்கும், கனமாகத் திருப்பித் தள்ளும். டக்கென்ற சத்தம் தெளிவாகக் கேட்கும். மேல்பரப்பு குழிந்திருக்கும், அல்லது புடைத்திருக்கும். அமெரிக்காவின் ஹாப், ஸ்பெயினின் இண்டஸ்ட்ரியாஸ் லொரென்சோ ஆகிய பெயர்களை இந்த வகையில் பார்ப்பீர்கள். வேகமாகத் தட்ட வேண்டிய ஆட்டத்தில் விரல் சீக்கிரம் களைக்கும். ஆனால் நிதானமாக, அழுத்தமாக அடிக்கிற கைக்கு இதில் கிடைக்கிற திருப்தி வேறு.

இந்த அமெரிக்க பட்டனில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. அதன் சுவிட்ச் தனி. பட்டனின் அடியில் ஒரு செவ்வக மைக்ரோ சுவிட்ச் சொருகியிருக்கும். லேசாகத் திருப்பினால் கழன்று வரும். மைக்ரோவேவ் அடுப்பின் கதவிலும் இதே உருவத்தில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் உதிரிபாகக் கடைகளில் பழைய சுவிட்சைக் காட்டிக் கேட்டால், அதே உடலளவில் எடுத்துத் தருவார்கள். உடலளவு ஒத்திருந்தால் மட்டும் போதாது. அமுக்கத் தேவையான விசை சுவிட்சுக்குச் சுவிட்ச் மாறும். கதவுக்காகச் செய்தது கெட்டியாக இருக்கும், விளையாட்டுக்காகச் செய்தது மெத்தென்று இருக்கும். கடையிலேயே இரண்டையும் இரு கையில் வைத்து மாறி மாறி அமுக்கிப் பாருங்கள். வித்தியாசம் விரலுக்கே தெரிந்துவிடும். ஜப்பான் பட்டனில் சுவிட்ச் உடலோடு சேர்ந்தே வரும், கெட்டால் பொதுவாக முழு பட்டனையும் மாற்றுவார்கள்.

அடுக்குமாடி வீட்டில் இரவு விளையாடுகிறவர்கள் சத்தம் குறைந்த பட்டனைத் தேடலாம். உள்ளே மெத்தை வைத்து அதற்கென்றே சன்வா ஒரு வகை செய்கிறது. பெயரில் கூடுதலாக ஒரு எஸ் இருக்கும். சாதாரண பட்டனைவிட விலை அதிகம்.

ஜாய்ஸ்டிக்

பட்டனை யாரும் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஜாய்ஸ்டிக் அப்படி இல்லை. ஒருவருக்கு வெண்ணெய்போல் இருக்கிற குச்சி இன்னொருவருக்குக் கல்லாக இருக்கும். அதனால் நான் "இதை வாங்கு" என்று சொல்லாமல், "நீ எதை விளையாடுகிறாய்?" என்றுதான் முதலில் கேட்பேன்.

1980-ல் வந்த பேக்-மேன், 1981-ல் வந்த டாங்கி காங் போன்ற பழைய ஆட்டங்கள் நான்கு திசைக் குச்சிக்காகச் செய்யப்பட்டவை. அங்கே மூலைவாட்டம் என்று ஒன்று கிடையாது. எட்டுத் திசைக் குச்சியில் பேக்-மேனை விளையாடிப் பாருங்கள். சந்தில் திரும்பும் இடத்தில் கை சற்று மூலைக்குச் சாய்ந்தாலும் இரண்டு சுவிட்ச்கள் சேர்ந்து அமுங்கும். எந்தப் பக்கம் என்று ஆட்டத்துக்குப் புரியாது. பேக்-மேன் திரும்பாமல் நேராகப் போய்ப் பேயிடம் மாட்டிக்கொள்வான். தவறு உங்கள் கையில் இல்லை, குச்சியில். 1991-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தபோது நிலைமை வேறு. எட்டுத் திசையும் வேண்டும், ஆறு பட்டனும் வேண்டும். கீழிருந்து மூலை வழியாக முன்னால் உருட்டிக் கொண்டுபோய் பட்டனை அமுக்கினால்தான் கையிலிருந்து நெருப்புருண்டை கிளம்பும். அங்கே மூலைதான் உயிர்.

இந்த வித்தியாசத்தைத் தீர்மானிப்பது குச்சியின் அடியில் இருக்கும் ஒரு சிறு பிளாஸ்டிக் தட்டு. கேட் என்பார்கள். குச்சி எவ்வளவு தூரம் போகலாம், எந்த உருவத்துக்குள் சுற்றலாம் என்று வேலி போடுவது அது. சதுர கேட்தான் ஜப்பான் குச்சிகளில் வழக்கமாக வரும். சதுரத்தைப் பார்த்ததும் புதியவர்கள் தயங்குகிறார்கள், சுற்றுவதற்கு வட்டம்தானே நல்லது என்று. கேரம் பலகையை நினைத்துப் பாருங்கள். காயை ஓரத்தில் ஒட்டி அனுப்பினால் அது தானாக மூலைக் குழிக்குப் போகும். சதுர கேட்டும் அப்படித்தான். குச்சியை ஓரத்தோடு நகர்த்தினால் மூலையில் போய்ப் பதியும். மூலைவாட்டத்தில் தள்ளியிருக்கிறோம் என்று கண்ணால் பார்க்காமலே கைக்குத் தெரியும். சண்டை ஆட்டத்தில் மூலையில் குச்சியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்து தடுப்பது அடிக்கடி தேவைப்படும். அங்கே இந்த நிச்சயம் பெரிய உதவி.

எண்கோண கேட்டில் எட்டுத் திசைக்கும் ஒவ்வொரு சின்னப் பள்ளம் இருக்கும். வட்ட கேட்டில் எந்தப் பள்ளமும் இல்லை, முழுச் சுற்று சுற்றுகிறவர்களுக்கு வழுவழுவென்று போகும். எண்கோணம் முதல் நாளே பிடித்துப்போகும். சதுரம் பிடிக்க இரண்டு வாரம் ஆகும். அந்த இரண்டு வாரத்தைக் கொடுங்கள் என்பது என் வேண்டுகோள். கேட்டின் சுவரில் மோதி மோதி விளையாடாமல், சுவிட்ச் டக்கென்ற உடனே திரும்பி வரக் கை பழகிவிட்டால், பிறகு எந்த கேட் இருந்தாலும் ஒன்றுதான்.

சன்வாவின் ஜேஎல்எஃப் என்ற குச்சிதான் உலகம் முழுவதும் அதிகமாகப் புழங்குகிற ஒன்று. அதன் சதுர கேட்டைக் கழற்றி 45 டிகிரி திருப்பிப் போட்டால் நான்கு திசைக் குச்சியாகிவிடும். பேக்-மேனுக்குத் தனிக் குச்சி வாங்கத் தேவையில்லை. ஸ்பிரிங் மென்மையானது, சிலருக்கு அளவுக்கு மீறி மென்மை. கையை எடுத்ததும் நடுவுக்குத் திரும்புவதில் ஒரு சோம்பல் தெரியும். கெட்டியான ஸ்பிரிங் தனியாகக் கிடைக்கிறது, மாற்றிக்கொள்ளலாம். குச்சியின் அடிமுனையில் சுவிட்சைத் தொடும் உருளை ஒன்று இருக்கிறது. அதில் பருமனான ஒன்றைப் போட்டால் குறைந்த தூரத்திலேயே சுவிட்ச் அமுங்கும். இந்த இரண்டு சின்ன மாற்றங்களிலேயே அதே குச்சி வேறு குச்சிபோல் ஆகிவிடும் என்பதால், பிடிக்கவில்லை என்று தூக்கி வைப்பதற்கு முன் இவற்றை முயன்று பாருங்கள்.

செய்மிட்சுவின் எல்எஸ்-32 இன்னும் கெட்டி, இன்னும் துல்லியம். தோட்டா மழைக்கு நடுவே விமானத்தை மயிரிழையில் நகர்த்தும் ஆட்டங்களை விளையாடுகிறவர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள்.

கொரியாக் குச்சி தனி இனம். அதில் ஸ்பிரிங்கே கிடையாது. தடித்த ரப்பர் வளையம் ஒன்று குச்சியைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கும். தள்ளத் தள்ள எதிர்ப்பு கூடும். விட்டால் ஸ்பிரிங்கைவிட வேகமாக நடுவுக்கு வந்து நிற்கும். தனியாக கேட்டும் இல்லை, வட்டமான ஒரு வளையத்தில்தான் மோதும். பின்னால் தட்டி, நடுவுக்கு வந்து, மீண்டும் பின்னால் தட்டுகிற, டெக்கன் என்ற சண்டை ஆட்டத்தின் ஆட்டக்காரர்களுக்கு இந்த உடனடித் திரும்பல் உயிர்நாடி. க்ரவுன் என்ற பெயரை இதில் அதிகம் பார்ப்பீர்கள். குச்சியைப் பலகையில் பிடிக்கும் தகடும் திருகுத் துளைகளும் ஜப்பான் பெட்டிகளோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. வாங்குவதற்கு முன் தகட்டின் அளவை உங்கள் பெட்டியோடு வைத்துப் பாருங்கள்.

தலைப்பகுதி உருண்டையா, பேரிக்காய்போல் நீண்டதா என்பது முழுக்க உங்கள் பிடி. குச்சியை விரல்களுக்கு நடுவே விட்டு, உள்ளங்கையை மேல்நோக்கி வைத்துக் கிண்ணம்போல் ஏந்துகிறவர்களுக்கு உருண்டை வசதி. பஸ் டிரைவர் கியரைப் பிடிப்பதுபோல் முழுக்கையால் பிடிக்கிறவர்களுக்கு நீண்டது வசதி. தலையை மாற்றுவது இரண்டு நிமிட வேலை. ஜேஎல்எஃப்பில் அடியில் குச்சியின் முனையில் ஒரு கீறல் இருக்கும். அதில் தட்டைத் திருப்புளியை வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டு, மேலே உருண்டையை இடப்பக்கமாகத் திருகினால் கழன்றுவிடும்.

இங்கேயும் பலகையின் கனம் குறுக்கே வரும். ஜப்பான் குச்சி மெல்லிய தகட்டுக்கு அடியில் மாட்டுவதற்காகச் செய்தது. 12 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கு அடியில் அப்படியே திருகினால் குச்சி மேலே குட்டையாக நிற்கும், உருண்டை பலகையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அடிப்பக்கத்தில் தகட்டின் அளவுக்கு உளியால் குழி எடுத்து, அந்த இடத்தில் மட்டும் பலகையை மெல்லியதாக்கிவிட வேண்டும். என் அக்கா மகனின் பெட்டியில் அதுதான் செய்தோம். நான்கைந்து மில்லிமீட்டர் மிச்சம் வைத்தோம். அதற்கும் கீழே போனால் பலகை வளையும்.

ஒயர்

பட்டனிலும் சுவிட்சிலும் ஒயர் மாட்டும் தகட்டு முள் இருக்கும். ஒயரின் முனையில் அதில் சொருகும் உறை இருக்கும். இதற்கும் அளவு உண்டு. சன்வா பட்டனின் முள் 2.8 மில்லிமீட்டர் அகலம். அமெரிக்க முறைச் சுவிட்சில் பெரும்பாலும் 4.8, சிலவற்றில் 6.3. உறை பெரிதாக இருந்தால் தொளதொளவென்று தொங்கும், ஆட்டத்தின் நடுவே பட்டன் செத்துவிடும். இடுக்கியால் நசுக்கி இறுக்கலாம், நான் செய்ததும் உண்டு. ஆறு மாதத்தில் மறுபடி தளரும். சரியான அளவு உறையே வாங்குங்கள், விலை சொற்பம்.

ஜப்பான் பட்டனில் இரண்டு முள்கள். எந்த ஒயர் எதில் என்ற கவலை வேண்டாம், எப்படி மாட்டினாலும் வேலை செய்யும். தனி மைக்ரோ சுவிட்சில் மூன்று முள்கள் இருக்கும். ஒன்று பொது முள். இன்னொன்று அமுக்கினால் மட்டும் இணையும். மூன்றாவது அமுக்காதபோது இணைந்திருந்து, அமுக்கினால் விடுபடும். நமக்கு வேண்டியவை முதல் இரண்டும். தவறி மூன்றாவதில் மாட்டினால் பட்டனைத் தொடாமலே ஆட்டத்தில் யாரோ அடித்துக்கொண்டே இருப்பார், நீங்கள் அமுக்கினால் நிறுத்துவார். அப்படி ஆனால் பட்டன் கெட்டுப்போகவில்லை, ஒயரை ஒரு முள் தள்ளி மாட்டினால் போதும். எது எந்த முள் என்று சந்தேகமாக இருந்தால் மல்டிமீட்டரைச் சத்தம் எழுப்பும் நிலையில் வைத்துத் தொட்டுப் பாருங்கள். அமுக்கும்போது மட்டும் பீப் என்று கேட்க வேண்டும்.

ஜேஎல்எஃப்பில் ஐந்து ஒயர்கள் ஒரே இணைப்பியில் வரும், நான்கு திசைக்கு நான்கு, பொதுவுக்கு ஒன்று. மலிவாகக் கிடைக்கும் ஜீரோ டிலே என்கோடரிலும் அதற்கு ஐந்து முள் இடம் இருக்கிறது. தனித்தனிச் சுவிட்ச் உள்ள குச்சியை வாங்கினால் ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒயர் இழுக்க வேண்டும். கடினமில்லை, ஆனால் வாங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் சால்டர் பிடிக்கத் தெரிந்தவர்கள் என்கோடருக்குப் பதில் ராஸ்பெரி பை பிகோ போர்டில் ஜிபி2040-சிஇ என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்து செலவிட்ட பணத்துக்கு அதைவிட நல்ல பலன் தருவது வேறில்லை.

போலிகளும் உப்புக் காற்றும்

ஜேஎல்எஃப்பின் உருவத்தை அப்படியே பார்த்துச் செய்த குச்சிகள் மலிவு செட்டுகளில் வருகின்றன. இவற்றை நான் வெறுக்கவில்லை. இந்தப் பழக்கம் நமக்குப் பிடிக்குமா என்று பார்க்க நினைக்கும் ஒருவர், இறக்குமதி வரியும் கூரியர் செலவும் கொடுத்து ஜப்பானிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. செட்டில் ஆரம்பித்து, எந்தப் பாகம் முதலில் எரிச்சல் தருகிறதோ அதை மட்டும் நல்லதாக மாற்றுங்கள். பெரும்பாலும் அது குச்சியாகத்தான் இருக்கும், ஏனென்றால் போலிக் குச்சியில் நடுப்பகுதி சீக்கிரம் ஆட ஆரம்பித்துவிடும். ஆனால் போலியை அசல் என்று அசல் விலைக்கு விற்பதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் அது அசல் இல்லை.

சென்னையில் இந்தப் பாகங்களுக்கு உள்ள எதிரி கடற்காற்றும் வியர்வையும். பெசன்ட் நகர், திருவான்மியூர், ராயபுரம் பக்கம் வீடு என்றால் சுவிட்சின் முள்களில் பச்சையாகப் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். விளையாடி முடித்ததும் பெட்டியின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை திறந்து, முள்களைக் கான்டாக்ட் கிளீனரால் துடைத்து, உறைகளை ஒரு தடவை கழற்றி மாட்டுங்கள். குச்சி ஊன்றி நிற்கும் இடத்தில் பழைய மசகைத் துடைத்துவிட்டுக் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவினால் போதும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மார்கழி விடியற்காலையில் உறைந்து குச்சியை இழுத்துப் பிடிக்கும். தையல் மிஷின் எண்ணெயும் வேண்டாம், அது ரப்பரைக் கெடுக்கக்கூடும்.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இருவரும் பஸ் பிடித்து ரிச்சி தெருவுக்குப் போய்வந்தோம். வாங்கிய ஜப்பான் பட்டன்களை அவன் அடுத்த பெட்டிக்கென்று எடுத்து வைத்துவிட்டான். பழைய பட்டன்களின் உடல் நன்றாகவே இருந்தது, சுவிட்ச்தான் தேய்ந்திருந்தது. ஒரு தடவை அமுக்கினால் இரண்டு தடவை அடித்ததற்குக் காரணம் அது. தேய்ந்த தொடுமுனை ஒட்டும்போது ஒரு முறை துள்ளி மீண்டும் ஒட்டுகிறது, போர்டு அதை இரண்டு அமுக்கலாக எண்ணுகிறது. மெத்தென்று அமுங்கும் எட்டுச் சுவிட்ச்கள் மட்டும் வாங்கினோம். குச்சிக்கு மட்டும் ஜேஎல்எஃப் வரவழைத்தான், அது வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று.

மாட்டி முடித்ததும் நேரே ஆட்டத்துக்குள் போகாதீர்கள். விண்டோஸில் கேம் கன்ட்ரோலர்களைச் சோதிக்கும் பக்கம் ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து பட்டன்களை ஒவ்வொன்றாக அமுக்குங்கள், ஒவ்வொரு விளக்காக எரியும். குச்சியை எட்டுத் திசைக்கும் மெதுவாகத் தள்ளுங்கள். ஒவ்வொரு பட்டனையும் முப்பது நாற்பது தடவை வேகமாகத் தட்டி, விளக்கு எங்காவது சிமிட்டாமல் விடுகிறதா, விட்ட பிறகும் எரிகிறதா என்று பாருங்கள். அவன் மேலே தள்ளினான், மேல்பக்கம் சரியாகக் காட்டியது. மூலைக்குத் தள்ளினான், மூலைக்குப் போனது. எட்டாவது பட்டனில் மட்டும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. "மாமா, இது கெட்டுப்போய் வந்திருக்கிறது" என்றான். "முள்ளைப் பார்" என்றேன். குனிந்து பார்த்தவன், ஒயரைப் பிடுங்கிப் பக்கத்து முள்ளில் மாட்டினான். விளக்கு அணைந்தது.